மூங்கில் குழாயில் சாட்டைவால் முட்டைகள்

எண்பதுகளின் கடைசியில், சேலத்து மீன்கடை ஒன்றில் சாட்டைவால் கெளுத்தி இரண்டு வாங்கினேன். விரல் நீளம், பழுப்பு நிறம், தட்டையான தலை, சாட்டை நுனிபோல் மெலிந்து போகும் வால். ஆணும் பெண்ணும்தான் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். அப்போது நான் தலைச்சோலைக்கு மேலே மலையில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். குவார்ட்டர்ஸின் முன்னறையில் கண்ணாடித் தொட்டி.

மீன்களைத் தொட்டியில் விட்டதும் என் மனைவி குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்க, காஞ்ச குச்சியக் காசு குடுத்தா வாங்கியாந்தீங்க? நம்ம காட்டுல மூட்டை மூட்டையாக் கெடக்குதே."

அந்த ஜோடி முட்டையிடவே இல்லை. வளர்ந்த ஆணுக்குக் கன்னத்தில் தாடிபோல் மெல்லிய முட்கள் இருக்கும் என்று பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். டார்ச்சும் லென்ஸுமாகப் பார்த்தால் இரண்டு கன்னங்களும் வழவழவென்று இருந்தன. இரண்டுமே பெண். அடுத்த வருஷம்தான் முள் தெளிவாகத் தெரிந்த ஒரு மீன் அதே கடையில் கிடைத்தது. அதைப் பார்த்து அவள் சொன்னாள்:

"இப்பத்தானுங்க மாப்பிள்ளை வந்திருக்காரு. சவரம் பண்ணிக்கக்கூட நேரமில்லையாட்ட இருக்குது."

ஆனி மழை பிடித்த வாரத்தில், தொட்டிக்குள் போட்டிருந்த மூங்கில் குழாயில் முட்டைகள் ஒட்டியிருந்தன. வெளிர்பச்சை, கடுகைவிடச் சற்றுப் பெரியவை. இந்த இனத்தில் முட்டையிட்டதோடு பெண்ணின் வேலை முடிந்துவிடும். அதன்பிறகு ஆண்தான் முட்டைகள்மேல் படுத்துத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். தீனி போட்டாலும் பெரும்பாலும் வெளியே வராது.

மழை மாதங்களில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு யாரும் வரமாட்டார்கள். பகலிலும் மூடுபனி சன்னலை ஒட்டி நிற்கும், துணி காயாது, சுவரில் கைவைத்தால் ஈரம் ஒட்டும். நான் ஆபீஸ் போனபின் அவளுக்குப் பேச ஆளில்லை. அந்த வாரம் அவள் முறத்தை எடுத்துவந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அரிசி பொறுக்கத் தொடங்கினாள். சாயங்காலம் நான் படியேறும்போதே செய்தி சொல்வாள்.

"பொம்பளைங்க ரெண்டும் ஊர் மேயுதுங்க. இது பாவம், பச்சைத் தண்ணியக் குடிச்சுக்கிட்டு அங்கயே கெடக்குது. குஞ்சு வந்தா எத்தனைங்க பொழைக்கும்?"

"பாதி பொழைச்சாலே பெருசு" என்றேன்.

"எல்லாம் பொழைக்குமுங்க. நான் பாத்துக்கறேன்."

அந்த நிலையில்தான் எஸ்டேட் வேலையாக நான் சேலம் போக நேர்ந்தது. திரும்புகிற அன்று மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. வழி திறந்து நான் வந்து சேர்ந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள்.

"வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

தொட்டித் தண்ணீர் கலங்கி லேசாக நீலம் பாரித்திருந்தது. பெண்மீன்கள் இரண்டும் மணலில் மல்லாந்து கிடந்தன. ஆண் குழாய்க்குள்ளேயே செத்திருந்தது.

"முட்டையில பூஞ்சை புடிச்சிருச்சுங்க. பஞ்சாட்ட வெள்ளையா, ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குப் பரவுச்சு. நீங்களும் வரக் காணோம். துத்தமும் சுண்ணாம்பும் கலக்கி ஒரு டம்ளர் ஊத்துனேனுங்க."

காபி இலையில் பூஞ்சை விழாமலிருக்க வருஷந்தோறும் மழைக்கு முன் தெளிக்கும் மருந்து அது. அவள் பிறந்த ஊரான வாழவந்தியில் அவள் அப்பா மருந்தடிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. துத்தம் என்கிற அந்த நீலத் தாமிர உப்பு மிஞ்சினால் இலை கருகும் என்பதால், கலவையில் கத்தியை முக்கிப் பார்ப்பார்கள். செம்பு படிந்து கத்தி சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம்.

"கத்திய முக்கிப் பாத்தேனுங்க. செவக்கவே இல்லை. எங்கப்பா கலக்கறாப்பலயேதான் கலக்குனேன்."

அவள் கலக்கியதில் பிழை இல்லை. இலைக்கு அது மருந்து. எங்கள் மலைத்தண்ணீரில் உப்புச் சத்து குறைவு. அதில் துளித் துத்தமும் மீனுக்கு விஷம்.

நான் அதைச் சொல்லவில்லை. "குளிர் தாங்கலை போல" என்றேன்.

குழாயை அலசி, புதுத் தண்ணீர் ஊற்றிய பேசினில் வைத்தேன். சில முட்டைகளுக்குள் கண்கள் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன. காற்றுக்குழாயைப் பக்கத்தில் விட்டோம். மின்சாரம் போகும்போதெல்லாம் அவள் பனையோலை விசிறியின் காம்பால் தண்ணீரை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தாள். மழை விடவில்லை. முட்டைகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. வெளுத்ததைக் கோழி இறகால் ஒதுக்கினேன். கடைசியில் ஒதுக்க ஒன்றும் இல்லை.

பேசினைக் கவிழ்த்துவிட்டு வந்தவள் சமையலறை நிலைப்படியில் நின்றாள்.

"குளிருன்னு சொன்னீங்க. போன மார்கழி இதவிட நொம்பக் குளிருங்க. அப்ப ஒண்ணுஞ் சாவலையே."

பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போனாள்.

"வேற வாங்கியாங்க" என்று சில மாதம் கழித்து ஒருமுறை கேட்டாள். கன்னத்தில் முள்ளுள்ள மீன்கள் அந்தக் கடையில் அப்போதும் இருந்தன. இரண்டு தடவை கையில் பணத்தோடு கடைத் தொட்டியின் கண்ணாடி முன் நின்றேன். வாங்கி வந்தாலும் தொட்டிக்கு முன்னால் அவள் இனி உட்கார மாட்டாள் என்று தோன்றியது; வாங்காமலே திரும்பினேன். சேலம் போய்த் திரும்பும்போதெல்லாம் அவள் என் பையைத்தான் முதலில் பார்ப்பாள். பிறகு காய்கறியை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டுப் பையை உதறி மாட்டுவாள்.