எட்டாவது குறிப்பு

சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து எழுத்தெண்ணிக்கொண்டிருக்கிறார் சந்திரகலா. இடது கையில் இரண்டு ஊசிகள். அந்தக் கையை மடக்கக் கூடாது. அதனால் ஞாயிறு மலரை நான்காக மடித்து, ஓர் அட்டையில் கிளிப் போட்டுத் தொடைமேல் சாய்த்து வைத்திருக்கிறார். வலது கையிலிருக்கும் பேனா கட்டத்துக்கு மேலே நிற்கிறது. இறங்க மாட்டேன் என்கிறது.

கிள்ளானில், ஒரு கடைவரிசையின் கீழ்த்தளத்தில் இருக்கிறது அந்த டயாலிசிஸ் மையம். செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறரையிலிருந்து நான்கு மணி நேரம். மற்ற நாள்களில் கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போய், ஒரு புடவைக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறார். வயது ஐம்பத்து மூன்று. “அங்க நாள் பூரா மத்தவங்க கேக்கறத எடுத்துக் காட்டணும். இங்க நாலு மணி நேரம் எனக்குன்னு இருக்குது,” என்பார். நோயைப் பற்றி அவர் பேசுவது அவ்வளவுதான்.

அவர் போடுவது பொன்மொழிப் புதிர். பதினெட்டுக் குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் விடை கண்டு, அதன் எழுத்துகளை எண்படி மேலேயுள்ள கட்டங்களுக்கு மாற்ற வேண்டும். எல்லாம் பொருந்தினால் யாரோ ஓர் அறிஞர் சொன்ன வாக்கியம் துலங்கி வரும். ஓரெழுத்து பிசகினாலும் வராது. எங்கே பிசகியது என்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வாங்கும் தாளைச் செவ்வாய் வரை பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். விடை அடுத்த வாரம் அச்சாகும். அதைப் பார்ப்பதை அவர் தோல்வி என்றே வைத்திருக்கிறார்.

ஒரு குறிப்பில் மாட்டிக்கொண்டால் அவருடைய மூச்சு மாறும். பேனாவின் பின்பக்கத்தால் நெற்றியைத் தட்டுவார். சிறிது நேரத்தில் இயந்திரம் கூவும். தாதி மலர் ஓடி வருவாள். “ஆன்டி, பிரஷர் நூத்தி எண்பது! அந்தப் பேப்பர வைங்க லா!”

“பேப்பர் இல்லன்னா இருநூறுக்குப் போயிரும் மிஸ்ஸி,” என்பார் சந்திரகலா, தலை நிமிராமல்.

அடுத்த நாற்காலி அய்யாவுவினுடையது. காப்பாரிலிருந்து வருகிறார். முப்பது வருடம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். எழுத்துக்கூட்டிப் படிப்பார், புதிரெல்லாம் போட மாட்டார். ஆனால் சந்திரகலா முணுமுணுக்கும் குறிப்புகள் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

தைப்பூசத்துக்குப் பிறகு ஒரு வாரம் வந்த புதிர், சந்திரகலாவை மூன்று அமர்வுகள் ஆட்டிவைத்தது. ‘நீரில் செல்லும், மூன்றெழுத்து’ என்றிருந்தது. ‘படகு’ என்று எழுதினார். நடுவிலிருந்த ‘ட’ மேலே அழகாகப் பொருந்தியது, சந்தேகமே வரவில்லை. கடைசி எழுத்தான ‘கு’ போய் உட்கார்ந்த இடத்தில் ஒரு சொல் ‘லகு’ என்று முடிந்தது. முன்னால் ஒரு கட்டம் காலி. ‘உலகு’ என்று நிரப்பினார். அந்த ‘உ’ கீழே இறங்கி இன்னொரு குறிப்பைக் கெடுத்தது. அதைச் சரிக்கட்ட மூன்றாவது ஒன்றை மாற்றினார். சனிக்கிழமைக்குள் தாள் முழுக்கக் கிறுக்கலாகி, சரியாக இருந்த விடைகளையும் அவரே அடித்துவிட்டிருந்தார். படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தியது அன்று காலை திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. கண்கள் கலங்கின.

“ஓடம் தங்கச்சி,” என்றார் அய்யாவு. “அதுவும் தண்ணியிலதான போவுது?”

ஓடம். அதே மூன்றெழுத்து, நடுவில் அதே ‘ட’. ‘உலகு’ கலைந்து ‘நிலம்’ வந்தது. பத்தே நிமிடத்தில் வாக்கியம் முழுதாகத் துலங்கிவிட்டது. சந்திரகலாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“நான் ஒங்களக் கேட்டனா அண்ணே? மூணு நாளா உசுரக் குடுத்துட்டு இருக்கேன். ஒரே வார்த்தையில புடுங்கிட்டீங்களே!”

“ஒதவின்னு நெனச்சேன் லா...”

அதன்பின் இரண்டு வாரம் சந்திரகலா அவர் பக்கம் திரும்பவில்லை. குறிப்புகளை மனத்துக்குள்ளேயே படித்தார். அய்யாவு கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

மூன்றாவது வாரம் அந்த நாற்காலி காலியாக இருந்தது. கேட்கவேண்டும் என்று நினைத்தே ஒரு நாளைக் கடத்தினார். வியாழனன்று மலரே சொன்னாள்: “கால்ல புண்ணு, ஆன்டி. இனிப்புநீர் நோய் கூடிப்போச்சு. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க.”

அன்று சந்திரகலாவின் புதிரில் ஓரெழுத்துகூட ஏறவில்லை. இயந்திரமும் கூவவில்லை.

ஐந்து வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அய்யாவுவின் மருமகள் வாணி சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தாள். அய்யாவு இளைத்திருந்தார். தூக்கி உட்காரவைத்து, இடுப்புக்குக் கீழே போர்வை போட்டார்கள். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டது. அவர் சுவரைப் பார்த்தார்.

சந்திரகலா அட்டையை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் குறிப்பை உரக்கப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். நான்காவதில் அய்யாவுவின் தலை லேசாகத் திரும்பியது. ஆறாவதற்கு அவர் சொன்ன சொல் தவறு. “இன்னொண்ணு சொல்லுங்கண்ணே,” என்றார் சந்திரகலா. ஏழாவதை இருவரும் சேர்ந்து பிடித்தார்கள்.

எட்டாவதைக் கண்ணால் படித்ததும் பேனா நின்றது.

“ஒம்போது: மழைக்கு முன்னால வரும்,” என்றார்.

“எட்டு எங்க?”

“அது... போட்டுட்டேன்.”

“என்ன வார்த்த?”

சந்திரகலா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“படிங்க தங்கச்சி. நான் பாக்காததா இனிமே?”

“உடலைச் சுமக்கும். ரெண்டெழுத்து,” என்றார் மெல்ல.

அய்யாவு போர்வையைப் பார்த்தார்.

“கால்,” என்றார். “எழுதுங்க.”

சந்திரகலா எழுதவில்லை. தாளோடு சேர்த்து அட்டையைத் தூக்கி, பேனாவைக் கிளிப்பில் செருகி, ஊசி ஏறாத கையை எட்டியமட்டும் நீட்டி, அவர் வாங்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.