தம்பி தானே ஏறிய பேருந்து

வீராம்பட்டினம் தேரில் எனக்கு வேடிக்கையே முதல் இழுப்புதான். கவர்னர் வந்து வடம் பிடித்த பிறகுதான் தேர் நகரும். பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம் அது. கவர்னரை நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்வதாக வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. தம்பிக்கு இரண்டரை.

அந்த ஆடி வெள்ளிக் காலையில் அப்பா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு முதலியார்பேட்டையில் பேருந்துக்கு நின்றார். பேருந்து வந்ததும் தம்பி படியில் கையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கி வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். நடத்துநருக்கு அவசரம், அலேக்காகத் தூக்கி உள்ளே விட்டுவிட்டார். அவ்வளவுதான், தரையில் விழுந்து புரண்டு ஊரைக் கூட்டிவிட்டான். "நானு! நானு!" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. அடுத்த நிறுத்தத்திலேயே அப்பா எங்களோடு இறங்கிவிட்டார். என் தேர் போகிறதே என்று எனக்கும் அழுகை முட்டியது.

இறங்கியும் அவன் ஓயவில்லை. புழுதியில் உட்கார்ந்து கத்தினான். அப்பா வேட்டியை மடித்துக்கொண்டு பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அதட்டவில்லை, மிட்டாயும் காட்டவில்லை. அங்கே பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"முதுவுல ரெண்டு வையிப்பா, தானா அடங்கிடும்."

"அவனே ஏறணும்னு பார்த்தான்க்கா, தூக்கிட்டாங்க. நம்மள அப்பிடித் தூக்கினா நமக்குக் கோவம் வராதா?" என்றார் அப்பா.

பூக்கார அம்மா தன்னை யாரோ தூக்குவதை நினைத்துப் பார்த்தார் போலும், சிரித்துவிட்டார். அப்பாவுக்குத் தம்பியிடம் பயம் என்று நான் முடிவுகட்டினேன்.

அடுத்த பேருந்து வந்தபோது, பையன் ஏறும்வரை பொறுக்கும்படி அப்பா நடத்துநரிடம் கெஞ்சினார். தம்பி நாலு காலில் ஏறினான். அப்பாவின் இரண்டு கைகளும் அவன் முதுகுக்குப் பின்னால், தொடாமல் கூடவே போயின. மேலே போனதும் அவன் திரும்பி, தானே கவர்னர் என்பதுபோல் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அசல் கவர்னர் கிளம்பிவிட்டிருந்தார். தேரும் தெருமுனையைத் தாண்டியிருந்தது.

இப்போது என் மகளுக்கு இரண்டு வயது. வாழைப்பழத்தை நான் உரித்துவிட்டேன் என்று தரையில் உருளுகிறாள். கை ஓங்கத்தான் முதலில் தோன்றுகிறது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். இந்தப் பொறுமை என் சம்பாத்தியம் இல்லை, அப்பா கொடுத்தது. அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்றுதான் தெரியவில்லை.

அன்று வீடு திரும்பியதும், தம்பியால் தேர் போயிற்று என்று அம்மாவிடம் அழுதேன். அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"அவனால ஒரு தேருதான் போச்சு. நீ இவனாட்டம் இருந்தப்போ உங்கப்பா ரெண்டு வருஷம் தேரே பாக்கல. செருப்ப நானேதான் மாட்டுவேன்னு வாசப்படியிலயே உக்காந்துகின."

அப்படியானால் தம்பியைவிட எனக்கு ஒரு தேர் அதிகம். அந்தப் பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளையாட ஓடிவிட்டேன்.