தத்துப்பூச்சிக்குப் பேர் வைக்கிறவள்

நெவேனா பூச்சியைத் திட்டிக்கொண்டேதான் அறுப்பாள். "அசையாதேடி... ஓ, நீ ஆம்பளையா? அப்ப வாயை மூடிட்டுப் படு." அது செத்து ஒரு மாதமாகியிருக்கும். தீக்குச்சியில் ஒட்டிய மயிரிழை ஊசிதான் அவள் கத்தி. ப்ளோவ்திவ் நகர அருங்காட்சியகத்தின் பின்னறையில் காப்பிக்கும் பூச்சியின் சதையைக் கரைக்கிற காரக் கரைசலுக்கும் ஒரே மாதிரிக் கோப்பை வைத்திருக்கிறாள். ஒருமுறை மாற்றிக் குடிக்கப் போய், கோப்பையை அரைமணி நேரம் திட்டினாள்.

இப்போது அவள் கையிலிருப்பது கோஸிரித் மலைச்சரிவில் மட்டும் கிடைத்த தத்துப்பூச்சி. அரிசியைவிடச் சின்னது, வெளிர்பச்சை, நெற்றியில் இரண்டு கறுப்புப் பொட்டு. இதே சாயலில் பத்து இனம் உண்டு. வயிற்று நுனியை வெட்டிக் காரத்தில் ஊறவைத்து, சதை கரைந்தபின் மிஞ்சுகிற ஆணுறுப்பைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இதற்கு அது ஆட்டுக்கொம்பு போலப் பின்னால் வளைந்து, நுனியில் இரண்டாகப் பிரிந்திருந்தது; இதுவரை யாரும் பேர் வைக்காத புது இனம். அதைப் பார்த்த அன்று நெவேனா யாரையும் திட்டவில்லை. அறையில் எல்லோரும் பயந்துபோனார்கள்.

அந்தச் சரிவை வெலிச்கோ என்கிற ஒயின் முதலாளி திராட்சைக்காக உழுதுவிட்டார். பூச்சி சாறு குடித்து வாழ்ந்த செடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அருங்காட்சியக இயக்குநர் லுபென் குழைந்துகொண்டு வந்தார்.

"அவர் நமக்குப் புது நுண்ணோக்கி வாங்கித் தர்றார், நெவேனா. பூச்சிக்கு அவர் பேரையே வச்சிடேன்."

"வீட்டை இடிச்சவன் பேரை வாசல்ல எழுதச் சொல்றீங்களா?"

"இந்தத் திமிருக்கு வேற எங்கயாவது வேலை கிடைக்குமா உனக்கு?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் புது இனத்தை முதலில் விவரித்து எழுதுகிறவர்தான் அதற்குப் பேர் வைக்கவேண்டும். அந்த உரிமையை இயக்குநரால் பிடுங்க முடியாது.

மறுநாள் வெலிச்கோவே வந்து நுண்ணோக்கியில் குனிந்தார்.

"நீங்க பார்க்கிறது அதோட ஆணுறுப்பு. உங்க பேரை வச்சா, உலகம் பூரா இந்தப் படத்தோடதான் அச்சாகும்" என்றாள். மனிதர் கூசி ஓடிவிடுவார் என்பது அவள் கணக்கு.

அவரோ தொடையைத் தட்டிச் சிரித்தார். "அடேயப்பா, என்னா கொம்பு! லுபென், வந்து பாருய்யா! டாக்டரம்மா, இதைப் பெருசா ஒரு படம் வரைஞ்சு குடுங்க. கீழே என் பேரைப் போட்டு ஒயின் பாட்டில்ல ஒட்டணும்!"

லுபெனும் சேர்ந்து சிரித்தார். மூன்று கோடை அந்தச் சரிவில் முழங்கால் தேய ஊர்ந்தவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பூச்சிக்குப் பேரு கோஸிரித். உழுதது உங்க கை. எழுதுறது என் கை."

"நெவேனா!" என்று லுபென் கத்தினார். அவள் திரும்பவில்லை. மேசைமேல் கிடந்த வெலிச்கோவின் முகவரி அட்டையைக் கவிழ்த்துப் போட்டாள். பென்சிலைக் கூராகச் சீவி, நடுவில் ஒரு புள்ளி வைத்து, அவர் முன்னால் நகர்த்தினாள்.

"படம் கேட்டீங்களே. இதுதான் நிஜ அளவு."