மொட்டைமாடியில் கிடந்த என் சைக்கிள்

அமெரிக்காவில் வேலை பார்த்த அண்ணா, தொண்ணூறுகளின் நடுவில் விடுமுறைக்கு வந்தபோது தன் மலை சைக்கிளையும் பெட்டியில் கட்டி எடுத்து வந்தான். திரும்பும்போது அதை எனக்குக் கொடுத்தான். அப்பாவின் எதிரிலேயே சொல்லிக் கொடுத்தான். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் இயந்திர வரைபடம் போடும் வேலை எனக்கு. மயிலாப்பூரிலிருந்து அதில்தான் போவேன். முன்சக்கரத்தின் இரு பக்கமும் ஷாக் அப்சார்பர் இருந்ததால் சைதாப்பேட்டைப் பள்ளங்கள் கைக்கே தெரியாது.

மஞ்சள் காமாலையில் நான் படுத்திருந்தபோது அப்பா அதை அத்திம்பேருக்கு, அக்காவின் கணவருக்கு, தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"மாப்பிள்ளை கேட்டு இல்லேன்னு சொல்லச் சொல்றியா?" என்றார். "வயசுப் பொண்ணு நீ, சைக்கிள்ல போறதைத் தெருவே பேசறது."

உடம்பு தேறியதும் பஸ்ஸில் நசுங்கிப் போனேன். சைக்கிளைக் கேட்டபோதெல்லாம் அடுத்த வாரம் என்றார்கள். இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒருநாள் அடையாறில் அக்கா வீட்டு மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனேன். ஒழுகும் தண்ணீர்த் தொட்டியின் அடியில் சைக்கிள் குப்புறக் கிடந்தது.

"அதுவா? நாலு நாள் ஓட்டினேன், முதுகு பிடிச்சுண்டுடுத்து," என்றார் அத்திம்பேர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். "பழைய இரும்புக்குப் போடலாம்னு இருந்தேன்."

"அது என்னுது."

"உன்னுதா? உங்கப்பான்னா குடுத்தார்!"

காற்றில்லாத சக்கரங்களோடு அடையாறு பாலத்தின் மேல் அதை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஹாண்டில்பாரை முழு பலத்தோடு அழுத்தினாலும் முன்பக்கம் அசையவில்லை.

சனிக்கிழமை கிணற்றடியில் ஷாக் அப்சார்பரைப் பிரித்தேன். மேல்மூடியைத் திருகி எடுத்ததும் துருத் தண்ணீர் கொட்டியது. உள்ளே ஸ்பிரிங் போல வேலை செய்த ரப்பர் கட்டைகள் பிசினாக உருகிக் குழாயோடு ஒட்டியிருந்தன. கம்பியால் சுரண்டினேன். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தேன். ஒரு பழைய சாக்கைப் போட்டு மூடியிருந்தால் இதில் பாதி நேர்ந்திருக்காது. அதற்குக்கூட அந்த மனிதருக்குக் கை வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்து அன்றிரவு தாடை வலித்தது.

பட்டறையில் லேத் ஓட்டுபவரிடம் பிசினைக் காட்டினேன்.

"இன்னா மேடம் இது, அல்வா மாதிரி கீது?"

அளவெடுத்து வரைந்து கொடுத்தேன். அவர் வெட்டித் தந்த முதல் ரப்பர் கல் போல இருந்தது. கெட்டி ரப்பரையும் மெத்து ரப்பரையும் மாற்றி மாற்றி அடுக்கி இன்னொரு முறை வரைந்தேன். அது சரியாக இருந்தது. துருவைத் தேய்த்து, கிரீஸ் தடவிப் பூட்டி அழுத்தினேன். இறங்கியது, ஏறியது.

விஷயம் அடையாறுக்கு எட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அத்திம்பேர் வந்தார். வாசலில் நின்றபடியே ஹாண்டில்பாரை அழுத்திப் பார்த்தார்.

"பேஷ்! புதுசாட்டமே ஆயிடுத்தே. நான் எடுத்துண்டு போறேன்."

"தர மாட்டேன்."

"என்னடி பேச்சு இது, பெரியவாகிட்ட?" என்றார் அப்பா.

"இவர் அழுக விட்டார். நீங்க எடுத்துக் குடுத்தேள். ரெண்டு பேர்ல யாராவது என்னை ஒரு வார்த்தை கேட்டேளா?" என் குரல் எதிர்வீடு வரை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

அத்திம்பேர் காபிகூடக் குடிக்காமல் போனார். அப்பா சில வாரம் என்னோடு பேசவில்லை. மறுநாளிலிருந்து நான் சைக்கிளில்தான் வேலைக்குப் போனேன்.

தீபாவளிக்கு அக்கா வந்தாள். சமையலறையில் என்னைத் திட்டித் தீர்த்தாள். பிறகு தேங்காய் துருவிக்கொண்டே, தாழ்ந்த குரலில், "என் தையல் மிஷினை அவர் தங்கைக்குக் குடுத்துட்டார். போன மாசம்," என்றாள்.

"உன்னைக் கேட்டாரா?"

அவள் அடுத்த மூடித் தேங்காயை எடுத்துத் துருவ ஆரம்பித்தாள்.

"போய்க் கேட்டு வாங்கு. நானும் வரேன்."

"வேண்டாம், விடு," என்றாள். அந்த மிஷின் திரும்பி வரவேயில்லை. அப்பாவையும் அத்திம்பேரையும் பின்னால் எப்படியோ மன்னித்துவிட்டேன். அந்த "விடு"வை மட்டும் என்னால் இன்றுவரை விட முடியவில்லை.