கால் வைக்காத குளம்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு வைகாசி மாதம், பழவேற்காட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்தது இது. இன்றைக்குச் சொன்னாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்கு முன் ஐந்து வருஷம் அரபு நாட்டில் ஒரு பெரிய வீட்டில் வேலை பார்த்தேன். அங்கே நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. இலை விழுந்தால் அள்ளுவேன், பாசி பிடித்தால் தேய்ப்பேன். ஆனால் அந்தத் தண்ணீரில் கால் நனைக்க எனக்கு அனுமதி கிடையாது. ஊருக்குப் போய் எனக்கென்று ஒன்று கட்டாமல் விடுவதில்லை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

வந்ததும் வராததுமாகக் கொத்தனாரைக் கூப்பிட்டேன். கிணற்றுக்குப் பக்கத்திலேயே, நீலக் கல் பதித்து, இடுப்பளவு ஆழத்தில் ஒரு குளம். காலைத் தொங்கப் போட்டு உட்கார, பழைய தோணிப் பலகைகளை இழைத்துச் சுற்றிலும் ஒரு மேடை. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சிமெண்ட் வாடை போக இரண்டு முறை நிரப்பி இறைத்துக் கொட்டினேன். மூன்றாம் முறை நிரப்ப, வாடகை மோட்டார் விடிந்ததிலிருந்து ஓடியது. எங்கள் மண்ணில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் நிற்கும், அதற்கடியில் உப்பு. வாளியால் மொண்டால் ஊறிக்கொண்டே இருக்கும். ஒரேயடியாக உறிஞ்சினால் உப்பு மேலே ஏறிவிடும். இது எனக்குத் தெரியாததா என்ன? அதுவும் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான் நல்ல கிணறு. "போதும், நிறுத்துங்க" என்று மனைவி இரண்டு தடவை சொன்னாள். நான் காதில் வாங்கவே இல்லை.

சாயங்காலம் குளம் நிறைந்தது. என் இரண்டு பெண்களும் மேடையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் இறங்கப் போன நேரத்தில், பக்கத்து வீட்டு அக்கா நாலைந்து பெண்களோடு குடங்களுடன் வந்தார். மீன் விற்றே பிள்ளைகளை வளர்த்தவர். மறுநாள் காலையில் அவர் மகளுக்குக் கல்யாணம். பந்திக்குத் தண்ணீர் எங்கள் கிணற்றிலிருந்துதான் என்று எப்போதோ பேசி வைத்தது.

வாளியை இழுத்து ஒரு கை அள்ளி வாயில் விட்டவர், அப்படியே துப்பிவிட்டார்.

"இன்னா தம்பி, கரிக்குதே! முந்தாநேத்துகூட நல்லா இருந்துச்சே. இத்த ஊத்தி ஆக்கினா யாரு வாயில வைப்பா?"

அவர் முகம் வெளிறிப்போனது. அடுத்த நல்ல தண்ணீருக்குக் காட்டூர்ப் பக்கம் போக வேண்டும். மாட்டு வண்டி போய்த் திரும்புவதற்குள் முகூர்த்தமே முடிந்துவிடும்.

நான் கொஞ்சமும் கூசாமல், கோடைக்காலம் இல்லையா அக்கா, அப்படித்தான் இருக்கும் என்று அளந்தேன்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்லாதீங்க! அக்கா, கெணத்து நல்ல தண்ணி பூரா அந்தக் கொளத்துல கெடக்கு. இவருதான் மோட்டார வச்சி உறிஞ்சிட்டாரு."

மானம் போயிற்று. அக்கா கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குளத்தோரம் வந்து குனிந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"யாராச்சும் உள்ள கால் வச்சீங்களா?"

என் கால் இன்னும் பலகையின் மேல்தான் இருந்தது. இல்லக்கா என்றேன்.

"அப்ப நவுரு தம்பி."

நகர்ந்தேன். வந்தவர்கள் குளத்தில் குடங்களை முக்கி நிரப்பினார்கள். பிறகு நானும் குடம் தூக்கினேன்.

மறுநாள் முதல் பந்தியிலேயே என்னை உட்கார வைத்தார்கள். பரிமாறுகிறவரிடம் அந்த அக்கா, "பாய் ஊட்டுத் தண்ணியிலதான் இன்னிக்கு விருந்தே. நல்லா போடு" என்றார். அதற்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

ஐப்பசி மழை வரும்வரை கிணறு உப்பாகவே கிடந்தது. மேடைப் பலகைகளைப் பெயர்த்துக் குளத்தை மூடி, மிச்சத் தண்ணீரை வீட்டுக்கு ஒரு குடம் என்று தீரும்வரை தெருவுக்குக் கொடுத்தோம். அதன் பிறகு அது மழைத் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. நான் கட்டிய குளத்தில் கடைசிவரை நான் இறங்கவே இல்லை. இன்றும் குளிக்கப் போனால், கிணற்றடியில் யாராவது குடத்தோடு நிற்கிறார்களா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்த பிறகுதான் முதல் செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறேன்.