பாரிஸிலிருந்து வந்த பொங்கல் படங்கள்

சிட்னியின் செவன் ஹில்ஸில் இருந்துகொண்டு பாரிஸுக்கு வழி சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். யாராவது ஐரோப்பாவுக்கு விடுமுறை போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் விடமாட்டேன். கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, ஈபிள் கோபுரத்துக்கு விடியவே போய்விடுங்கள், பிறகு வரிசை தாங்காது என்பேன். லூவர் மாளிகையின் கண்ணாடிப் பிரமிட் முழுவதும் படத்தில் விழ எங்கே நிற்கவேண்டும் என்றும் சொல்வேன். நான் பாரிஸைக் கண்ணாலும் கண்டதில்லை. என் தம்பி அங்கே இருந்தான். அந்தத் திமிர்தான்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் திக்குத் திக்காகப் போய்விட்டது. நான் கலியாணம் முடித்து சிட்னிக்கு வந்தேன். தம்பி நாலு நாடு அலைந்து பாரிஸில் போய்ச் சேர்ந்தான். அம்மா கொழும்பில், சித்தி வீட்டில். ஒவ்வொரு பொங்கலுக்கும் தம்பியிடமிருந்து ஒரு படம் வரும், இரண்டு பிரதி. ஒன்று எனக்கு, மற்றதை நான் அம்மாவுக்குத் தபாலில் போடவேண்டும். ஒரு வருடம் கோபுரம், ஒரு வருடம் வெற்றி வளைவு, பிறகு நோத்ர் டாம் தேவாலயம், பிறகு செய்ன் ஆற்றுப் பாலம். பின்பக்கத்தில் ஒரே வரி: "நான் நல்ல சுகம்." எங்கள் ஆட்களுக்கு அது காணும், வேறொன்றும் வேண்டாம். முதுகுக்குப் பின்னால் கோபுரம் நின்றால் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று எண்ணிவிடுவோம்.

என் கணவர்தான் ஒருமுறை படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தார்.

"உம்மட தம்பிக்கு வயசே போகாதோ? எனக்கு மண்டை மொட்டையாப் போச்சு, அவர் அப்பிடியே நிக்கிறார்."

"உங்களுக்குப் பொறாமை."

"கோட்டும் அதே நீலக் கோட்டு."

"நல்ல கோட்டெண்டால் பத்து வருசம் கிடக்கும். உங்களைப் போல கண்டதையும் வாங்கிக் குவிக்கிறவன் இல்லை என்ர தம்பி."

அன்றைக்கு இந்த வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்திருக்கலாம். ஒரு படத்தில் தொப்பி, ஒன்றில் கழுத்துத் துணி, ஒன்றில் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தான். அவ்வளவுதான் வித்தியாசம். நான் பார்த்தது அவனையல்ல, அவனுக்குப் பின்னால் நின்ற கட்டடங்களை.

பிள்ளைகள் வளர்ந்ததும் பாரிஸுக்கு வருகிறேன் என்று தொலைபேசியில் சொன்னேன். "இப்ப சரியான குளிர் அக்கா, கோடையில வாங்கோ, கோபுரத்துக்கு மேல ஏத்திக் காட்டுறன்" என்றான். கோடை வந்தது. வேலை கூட, லீவு இல்லை என்றான். அடுத்த கோடையும் அதே கதை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நீ பெரிய ஆளாப் போனாய். அக்கா வந்து நிண்டால் உனக்கு வெக்கம். இனி நீயா எடுக்கும் வரைக்கும் நான் எடுக்கமாட்டன்" என்று கத்திவிட்டு வைத்தேன். அவன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆறு மாதம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குசினியில் சமைத்துக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. தம்பியின் அறையில் கூட இருந்தவர்.

"அக்கா, அவர் கோப்பை கழுவுற இடத்தில விழுந்திட்டார். நெஞ்சு நோ. உங்கட நம்பர் இண்டைக்குத்தான் கையில ஆம்பிட்டுது. நேற்று எரிச்சாச்சு, அக்கா."

நான் பைத்தியம் மாதிரி ஏசினேன். ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துச் சந்தோசமாகத் திரிந்த பிள்ளைக்கு என்ன நெஞ்சு நோ என்று கேட்டேன்.

"அந்தப் படமெல்லாம் ஒரே நாளில எடுத்தது, அக்கா. வந்த புதுசில. நான்தான் எடுத்தனான், கோட்டும் என்ர. பிறகு அவற்ற அகதிக் கேஸை நிராகரிச்சுப் போட்டாங்கள். விசா இல்லாமல் அந்தப் பக்கம் போகேலாது. கோபுரத்தடியிலதான் பொலிஸ் நிண்டு பேப்பர் கேக்கிறது. அறை, வேலையிடம், அறை. அதுதான் அவர் பாத்த பாரிஸ். நீங்கள் வாறன் எண்ட நாள் முழுக்க அழுதவர்."

என் தம்பியை நான் ஏசியே அனுப்பிவிட்டேன். இதற்கு மன்னிப்பை யாரிடம் கேட்பது? கடவுளே, ஒருமுறை எடுத்திருக்கலாமே.

மூன்று கிழமையில் அவரிடமிருந்து ஒரு பொதி வந்தது. தம்பி இன்னும் அனுப்பாத படங்கள், இனி வரப்போகும் ஐந்து வருடத்துக்கு, எல்லாம் இரண்டு பிரதி. பின்பக்கத்தில் பென்சிலால் வருடம் மட்டும் குறித்திருந்தான், 2005 முதல் 2009 வரை.

அம்மாவுக்கு நாங்கள் சொல்லவில்லை. சித்தி வேண்டாம் என்றா. வயது போனவர்களுக்கு வெளிநாட்டுச் சாவைச் சொல்லாமல் மறைப்பது எங்களுக்குள் வழக்கம்தான். அடுத்து வந்த பொங்கலுக்கு அவற்றில் முதலாவது படத்தை எடுத்தேன். அவன் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, "அம்மா, நான் நல்ல சுகம்" என்று எழுதித் தபாலில் போட்டேன். அம்மா தொலைபேசியில், "இந்தமுறை மெலிஞ்சுபோனான், சாப்பிடச் சொல்லு" என்றா. தம்பிக்கு ஏன் போன் எடுக்க நேரமில்லை என்று கேட்டா. வேலை கூட என்றேன், அவன் எனக்குச் சொன்னதையே.

2009இல் கடைசிப் படமும் போய்விட்டது. கிடைத்ததும் அம்மா கூப்பிட்டா. குரல் தேய்ந்திருந்தது, ஆனால் சந்தோசம்.

"எல்லாப் படத்திலயும் கீழ நிக்கிறான். வாற பொங்கலுக்குக் கோபுரத்துக்கு மேல ஏறி நிண்டு ஒண்டு எடுக்கச் சொல்லு, பிள்ளை."

"ஓம் அம்மா," என்றேன். "சொல்லுறன்."