சம்பந்தி உட்கார்ந்த சோபா

எங்கள் கல்யாணமாகி இருபத்தாறு வருடங்களில் போடியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் எப்படியோ உட்கார்ந்துவிட்டுத்தான் போனார்கள். ஆனால் மகனுக்குப் பெண் பேசி, தேவாரத்திலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் என் கணவருக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது.

"ஒரு சோபா இல்லாத வீட்டுல எவன் பொண்ணு குடுப்பான்?"

என் அப்பா இவருக்குப் பெண் கொடுத்தபோது இந்த வீட்டில் ஒரு கட்டில்கூட நேராக நின்றதில்லை. அதை நான் அன்று சொல்லவில்லை. மறுநாள்தான் சொன்னேன்.

தேனியில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கூடத்தின் நீள அகலத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டேன். "நம்ம வீடுதான, எனக்குத் தெரியாதா?" என்று அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாரத்தில் ஐந்து நாள் குரங்கணிக்கு மேலே ஏலத் தோட்டத்திலேயே கிடக்கிற மனிதர். வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்டால் மொட்டைமாடியைக் காட்டுவார்.

கடையில் ஒவ்வொரு சோபாவையும் ஏலக்காயைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். விரலால் அழுத்தினார், தட்டினார், ஒன்றை முகர்ந்துகூடப் பார்த்தார். நான் மூன்றே கேள்விகள் கேட்டேன். உள்ளே என்ன மரம், உறையைக் கழற்றித் துவைக்க முடியுமா, தரையிலிருந்து எவ்வளவு உயரம்? கடைக்காரர் மூன்றுக்கும் என் கணவரைப் பார்த்து ஒரே பதிலாகச் சொன்னார்.

"உக்காந்து பாருங்கண்ணே. மேகத்துல மெதக்குற மாதிரி இருக்கும்."

உட்கார்ந்தார். மிதக்கவில்லை, முங்கினார். ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு பேரானந்தம்.

"ஏங்க, ரொம்பப் பதியுதே. வயசானவங்க எந்திரிக்க முடியுமா?"

"வர்றவங்களுக்கு மெத்துன்னு இருக்க வேணாமா? பெஞ்சுல உக்கார வைக்கவா கூப்பிட்டிருக்கோம்?"

நிறம்? பால் வெள்ளை. செம்மண் காலோடு ஜீப்பிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்குள் வருகிற குடும்பத்துக்கு வேறென்ன பொருத்தமாக இருக்கும்!

சோபா வந்து இறங்கியதும் கூடத்தில் நடப்பதற்கு ஒரு முழம் இடம் மிஞ்சியது. கோயம்புத்தூரிலிருந்து வந்த மகன் வாசலிலேயே நின்றுவிட்டான். "அம்மா, வீட்டுக்குள்ள சோபா கெடக்கா, சோபாவுக்குள்ள வீடு கெடக்கா?" விருந்தாளிகள் வரும்வரை அழுக்காகக் கூடாது என்று பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே கூடாதென்று உத்தரவு. அந்த ஒரு வாரமும் நாங்கள் தரையில் உட்கார்ந்து சோபாவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா ஆஜானுபாகுவான விவசாயி, கொஞ்சம் முழங்கால் வலிக்காரர். என் கணவர் அவர் கையைப் பிடித்து அழைத்துப் போய் நட்டநடுவில் உட்கார வைத்தார். அவருடைய முழங்கால்கள் இரண்டும் மெல்ல மேலே வந்து நெஞ்சுக்கு நேராக நின்றன. அந்தக் கோலத்திலேயே மரியாதையாகக் காபி வாங்கிக் குடித்தார்.

"சரி, வீட்டச் சுத்திப் பாத்துருவோம்" என்று எழுந்தார். அதாவது, எழப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பக்கத்திலிருந்த அவர் மனைவி கை கொடுக்க நினைத்தார். பாவம், அவரும் ஏற்கெனவே முங்கியிருந்தார். கடைசியில் ஒரு கையை என் கணவரும் மறு கையை மகனும் பிடித்து, பாறையில் சிக்கிய ஜீப்பை இழுப்பதுபோல இழுத்தார்கள். ஆள் மேலே வந்தார். பக்கத்தில் வைத்திருந்த டம்ளர் சாய்ந்து மீதிக் காபி பால் வெள்ளையில் பரவியது.

எனக்கு உயிரே இல்லை. சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன். அவர் மூச்சு வாங்க நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, என் மகனின் தோளைத் தட்டினார்.

"பரவால்ல, மாப்ளைக்குக் கையில தெம்பு இருக்கு."

அதுவரை அவனை 'தம்பி' என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "அழுகாத, கறைய எடுத்துரலாம்" என்று என் காதில் கிசுகிசுத்தார் என் கணவர்.

அடுத்த மாதம் சம்பந்தி போன் செய்தார். சீர் சாமான் பற்றிய பேச்சு. "பொண்ணுக்கு ஒரு சோபா செட்டு எடுத்துக் குடுக்கலாம்னு இருக்கோம்" என்றார். வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் என் கணவர் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்... என்ன கலரு?"

"கலரு உங்க இஷ்டம் சம்பந்தி. ஆனா மெத்துன்னு மட்டும் வேணாம். நல்லாக் கெட்டியா, உசரமா பாத்து நானே எடுக்குறேன்."

போனை வைத்துவிட்டு என் கணவர் பால் வெள்ளைச் சோபாவில் போய் முங்கினார். பிறகு வருத்தத்தோடு சொன்னார்:

"நல்ல மனுசன்தான். ரசனைதான் பத்தல."